ஒரு மாத பிளான் போதும்

ஜூலை 12, சனி

அரசு மாணவியர் விடுதியில் இத்தனை வருடம் காப்பாளராக இருந்தவளுக்கு ஒரு நெட் கனெக்‌ஷன் வாங்குவது பெரிய காரியமா? இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என் மகள் வாணி கோயமுத்தூரிலிருந்து இங்கே கோபிக்கு வந்திருக்கிறாள். வந்து கொஞ்ச நாளாகிறது. வந்த இடத்தில் அவளுக்கு ஒரு வேலையும் கிடைத்திருக்கிறது. சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிற வேலை. முதலில் ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பார்களாம். வீட்டு நெட் நடுநடுவே அறுந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்களாம். அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் எதற்கு வேலை என்று நான் கேட்கவில்லை. பெண்பிள்ளை கையில் ஒரு வேலை இருப்பது நல்லதுதான். திரும்பிப் போன பிறகு அங்கிருந்தும் அதே வேலையைப் பார்க்கலாம்.

நெட் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஸ்பீடு எவ்வளவு என்று கேட்கிறார்கள். விடுதிக்கு மளிகைக்காரரை நான் அரிசியின் வெள்ளையைப் பார்த்தா தேர்ந்தெடுத்தேன்? பூச்சி விழுந்த மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக யார் வருவார், எப்போது வருவார் என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். அதே கேள்வியை மூன்று இடத்தில் கேட்டேன். பெரிய கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறார்கள். இன்னொரு கடையில் சிம் போடுகிற பெட்டி இருக்கிறது, ஒயரே வேண்டாம் என்றார்கள். அதற்கும் எங்கள் போனுக்கும் ஒரே டவர்தான். சாயங்காலம் ஆனால் அந்த டவர் படுத்துவிடும். கடைசியாக நம் கேபிள் ஆபீஸ். ஒயர் வீட்டுக்குள்ளேயே வரும். பழுது பார்க்கிற ரியாஸ் மார்க்கெட்டுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறார். கூப்பிட்டால் வந்தாக வேண்டும், தினமும் எங்கள் தெரு வழியாகத்தானே போகிறார்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுத்தால் சல்லிசு என்றது ஆபீசில் இருந்த பெண். ஒரு மாத பிளான் போதும் என்றேன்.

"பாத்துட்டு அப்பறம் மாத்திக்குவீங்களாம்மா?"

"பொண்ணு ஆடிக்கு வந்திருக்கறா. ஆடி முடிஞ்சா போயிருவா."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள் என்று விடுதிப் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று ஏனோ நானே சொன்னேன். போகட்டும், காரியம் முடிந்தது.

ஜூலை 14, திங்கள்

அவரிடமிருந்து இரண்டு தடை. அவர் என்றால் என் வீட்டுக்காரர். ஊருக்கு சிமெண்டுக் கடை மாரப்பன். கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு இப்போது வாஸ்து பார்க்கிறார். ஊர் வீடுகளுக்கு அல்ல, எங்கள் வீட்டுக்கு மட்டும், தினமும்.

முதல் தடை: "வியாழக்கெழம ஆடி பொறக்குது வசந்தா. ஆடில புதுசா ஒண்ணையும் வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. அதுக்குள்ள போட்டாப் போடு, இல்லாட்டி ஆவணிதான்."

இரண்டாவது: "கரண்டுல ஓடறதெல்லாம் அக்கினி. அக்கினி மூலைலதான் வெக்கோணும்."

முதல் தடைக்கு கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன். புதன்கிழமை ஆளை அனுப்புகிறார்களாம். இரண்டாவதற்குத் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டின் தென்கிழக்கு மூலை சமையலறை. அங்கே ஏற்கெனவே அடுப்பு, மிக்ஸி, ஃபிரிட்ஜ் மூன்றும் இருக்கின்றன. நாலாவதாக ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 16, புதன்

ரியாஸ் வந்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹால்ல வெச்சுட்டா வீடு பூராமும் வருமுங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரர் விடவில்லை. பெட்டி ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், உப்பு ஜாடிக்கு மேலே ஏறியது. ரியாஸ் என்னைப் பார்த்தார், நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். கட்டினவருக்கு அவ்வப்போது ஒரு வெற்றி கொடுக்க வேண்டும்.

நெட்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். 'முருகன் துணை' என்றார் இவர். பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் போனைத் திறந்தாலும் இனி முருகன் துணைதான் தெரியும்.

"பாஸ்வேர்டு என்னங்கம்மா போடட்டும்?"

அதை நான் முன்னமே யோசித்து வைத்திருந்தேன். மகள் பெயர், மாப்பிள்ளை பெயர், கல்யாணத் தேதி. வாணி, தீபன் என்று சேர்த்தாற்போல அடித்து, பின்னால் எண்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்காது. சீர்ப் பாத்திரங்கள் அத்தனையிலும் அப்படித்தானே பெயர் வெட்டிக் கொடுத்தோம்? நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல ரியாஸ் அடித்தார்.

வாணி லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"போட்டுப் பாரு கண்ணு."

"அப்பறம் பாத்துக்கறேனுங்மா. மேல துணி காஞ்சிருக்கும்" என்று மாடிக்கு ஏறிவிட்டாள். காலையிலிருந்தே மேகமூட்டம். துணி எங்கே காய்ந்திருக்கும்?

எப்படியோ, ஆடிக்கு முந்தின நாளே முடித்தாகிவிட்டது. இந்த வீட்டில் ஒரு காரியம் நாள் குறித்தபடி நடந்தது என்றால் அது நான் எடுத்ததாகத்தான் இருக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வெல்லமும் பயறும் அடைத்துத் தேங்காய் சுட்டோம். வாணி சின்னப் பிள்ளையில் தின்பது போல, வெல்லம் ஊறிய துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கித் தின்றாள். பார்க்க நன்றாக இருந்தது.

ஜூலை 21, திங்கள்

வடகம் காயவைக்க மேலே போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, துணி காயப்போடுகிற கம்பியில் கட்டிய குடை, குடைக்குக் கீழே வாணி. காதில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் யாருடனோ கணக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை. முடிக்கும்வரை நின்றேன்.

"கீழ ரூமு இருக்கறப்ப இங்கெதுக்கு உக்காந்திருக்கற?"

"கீழ செரியாக் கெடைக்கலீங்மா. போன் நெட்டுல பாத்துக்கறேன். பரவால்லீங்."

பரவாயில்லையாம். போன் நெட் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, அதற்குமேல் தினமும் தனியாக ரீசார்ஜ் செய்கிறாள். நாலு நாளாக இதுதான் நடக்கிறது. நான் கவனிக்கவில்லை. இருநூறு பெண்களில் எவள் சாப்பிடாமல் படுத்தாள் என்று கண்டுபிடித்தவள் நான்.

என் போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். சமையலறையில் எல்லாக் கோடும் இருந்தன. ஹாலில் குறைந்தது. வாணியின் அறை வாசலில் ஒரே கோடு. கட்டில் பக்கம் அதுவும் இல்லை. ஆக, அவள் சொன்னது உண்மைதான். அக்கினி மூலையில் நெட்டு நன்றாக வெந்துகொண்டிருக்கிறது, சாப்பிடத்தான் ஆளில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காபி கொடுக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, வீட்டுக்கு ஒரு அக்கினி மூலை இருந்தா ஹாலுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குமல்லங்க?"

டம்ளரைக் கீழே வைத்தார். "இருக்கும்" என்றார். அவர் சாஸ்திரத்தில் எனக்குச் சாதகமாகக் கிடைத்த ஒரே வார்த்தை. உடனே ரியாசைக் கூப்பிட்டேன். இப்போது பெட்டி ஹாலின் தென்கிழக்கு மூலையில், பரணை ஒட்டின மாதிரி, நல்ல உயரத்தில் இருக்கிறது. அவருக்கு அக்கினி, எனக்கு சிக்னல்.

ஜூலை 25, வெள்ளி

வாணி இன்னும் மாடியில்தான் உட்காருகிறாள். அவள் அறையில் மட்டும் கோடு ஏறவில்லை. ரியாஸ் வந்து, பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருக்கும் பரணின் கதவைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத்தன எவர்சில்வரும் பித்தளையும் அடுக்கி வெச்சிருந்தா சிக்னல் எப்படிங்கம்மா அந்தப் பக்கம் போகும்? எல்லாத்தையும் எறக்கீருங்க. அருமையா வரும்."

அது வாணிக்குக் கொடுத்த சீர்ப் பாத்திரம். அண்டா, குடம், போசி, தூக்கு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டில் புது அலமாரி அடித்ததில் இடம் போதவில்லை என்று போன மாதம் ஒரு டெம்போவில் அனுப்பிவைத்தார்கள். கட்டிலும் பீரோவும்கூட அங்கே இடைஞ்சலாக இருந்ததாம். டெம்போ வந்த அன்று தெருவில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பரணில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டேன். பாத்திரம் பத்திரமாக இருக்க வேண்டுமில்லையா?

"ஆடிப் பதினெட்டு போகட்டும் ரியாசு, அப்பறம் எறக்கிக்கலாம்" என்றேன். அன்றைக்கு அவருடைய அக்கா ரங்கநாயகி, என் நங்கையா, சாப்பிட வருகிறார். விருந்தாளி வருகிற நேரத்தில் ஹால் முழுக்கப் பாத்திரத்தைப் பரப்பி வைப்பது நன்றாக இருக்காது.

ஜூலை 30, புதன்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இன்று குடை பறந்தது. பக்கத்து வீட்டு முருங்கை மரத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். கூடவே தூறலும் போட்டதால் வாணி பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு லேப்டாப்பை முந்தானையில் மூடி ஓடி வந்திருக்கிறாள். கம்பெனி அம்மா கோபித்துக்கொண்டாராம். பதினாலாம் தேதி கடைசிச் சோதனை. அன்றைக்கும் இப்படி ஆனால் வேலை கிடையாது.

"பதினாலுக்குள்ள உன்ற ரூமுல நெட்டு ஓடும். நான் சொல்றேன்" என்றேன்.

"செரிங்மா" என்றாள். நம்புகிற குரலாக இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. நங்கையா வந்தார். ஒப்புட்டு, வடை, சாம்பார், பாயசம். எல்லாம் நன்றாக வந்தது.

இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"வாணி வந்து எத்தன நாளாச்சு வசந்தா?"

"ஆடிக்கு வந்திருக்கறாளுங்க நங்கையா."

"கண்ணாலமாகி மூணு வருசங்கழிச்சு என்ன ஆடி? புதுப்பொண்ணா அவ?"

"வேலை கெடச்சிருக்குதுங்க. இங்க நெட்டு நல்லாருக்குதுன்னு இருக்கறா."

"நெட்டு நல்லாருக்கறவதான் மொட்ட மாடில குடையக் கட்டீட்டு உக்காந்திருக்கறாளா? தெருவே பாக்குதாமா." வடையைப் பிட்டுக்கொண்டே முடிவையும் சொல்லிவிட்டார். "புருசன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும். ஆவணி பொறக்கட்டும், நானே காரெடுத்துட்டு வந்து கூட்டீட்டுப் போயி தீபன் வீட்டுல விட்டுட்டு வர்றேன். நான் சம்பந்தியூட்டுலயும் பேசீட்டேன்."

வாணி பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி இலைக்கு மேலே அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை.

நானோ நங்கையா இலையில் இன்னொரு வடை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போது கோபமாக வருகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று காலை எழுந்ததுமே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். அவர் கீழே நின்று வாங்கி வாங்கி வைத்தார். வாசற்கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். திறந்தே இருக்கட்டும் என்றேன். தெரு பார்த்தால் பார்க்கட்டும். எங்கள் காசில் வாங்கின பாத்திரம்தானே.

எல்லாவற்றிலும் வாணி, தீபன், தேதி. குடத்தின் கழுத்தில், தூக்கின் மூடியில், சின்னக் கரண்டியில்கூட வெட்டியிருந்தது. கடைக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்டபோது, எல்லாவற்றிலும் வெட்டுங்கள் என்று சொன்னது நான்தான். கீழே நின்றவர் ஒவ்வொன்றையும் வாங்கி அந்தப் பெயரின்மேல் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துத்தான் கீழே வைத்தார். தூசியைத் துடைக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

"கடைல குடுத்தா பேர இழைச்சு அழிச்சுக் குடுத்துருவாங்க, வசந்தா."

"எதுக்குங்க?"

அடுத்ததை வாங்கக் கையை நீட்டினார். நானும் மறுபடி கேட்கவில்லை.

பரண் காலியானது. போனை எடுத்துக்கொண்டு வாணியின் அறைக்குப் போனேன். கட்டில் பக்கம், ஜன்னல் பக்கம், மேஜை மேலே, எங்கே வைத்தாலும் எல்லாக் கோடும் இருக்கின்றன. சொன்னேன், செய்தேன். மேஜையை ஜன்னலோரம் நகர்த்தி, என் பழைய ஆபீஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். நாளையிலிருந்து ராணி மாதிரி உட்கார்ந்து வேலை செய்யலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். குடையோடு.

நேற்றும் அங்கேதான். கேட்டதற்கு "பழகிருச்சுங்மா" என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏணியில் ஏறி இறங்கின முட்டி வலி இன்னும் போகவில்லை. 'எனக்கென்ன வந்தது, வெயிலில் காயட்டும்' என்று நினைத்துக்கொண்டே மோர் கரைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரியாசுக்குப் போன் செய்து, அந்தப் பெட்டியில் ஏதோ கோளாறு என்றேன்.

"இல்லீங்களே, இங்க பாத்தா நல்லாத்தான் ஓடுது. உங்க போன்ல ஒரு ஆப்பு போட்டுக் குடுத்தனல்லங்கம்மா, அதுல போயிப் பாருங்க. யாராரு போனெல்லாம் நெட்டுல இருக்குதுன்னு காட்டும்."

பார்த்தேன். என் போன். அவர் போன். டிவி. அவ்வளவுதான். பழையதையும் காட்டும் என்றார் ரியாஸ். அதையும் பார்த்தேன். கனெக்‌ஷன் வந்த நாளிலிருந்து வாணியின் போனோ லேப்டாப்போ ஒரு தடவைகூட இதில் ஏறவில்லை. சமையலறையில் பெட்டிக்குப் பக்கத்திலேயே அவள் நின்று தோசை சுட்டாளே, அப்போதும் இல்லை.

சிக்னல் இல்லை என்று பெட்டியை மாற்றினேன், பரணைக் காலி செய்தேன். அவள் பாஸ்வேர்டே போடவில்லை.

ஏன் என்று கேட்க எழுந்தவள், திரும்ப உட்கார்ந்துவிட்டேன். என் போனில் முருகன் துணையை அழித்துவிட்டு, புதிதாகச் சேர்ப்பவள்போல என் விரலால் அடித்துப் பார்த்தேன். வாணி. அடுத்து, தீபன். அடுத்து அந்தத் தேதி. ஒவ்வொரு எழுத்தாக. இதைத்தான் நான் என் மகளிடம் 'போட்டுப் பாரு கண்ணு' என்று சொல்லியிருக்கிறேன்.

டெம்போவில் பாத்திரமும் கட்டிலும் பீரோவும் திரும்பி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வந்த அன்றே தெரியும். இங்கே எழுதத்தான் மனம் வரவில்லை.

மாடிக்குப் போனேன். சாயங்காலமாகிவிட்டது, வேலையை முடித்துக் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அந்தப் பாஸ்வேர்டுனாலதான கீழ வரல நீ?"

குடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"அந்த அபார்ட்மெண்டுல டவரே கெடைக்காதுங்மா. போன் பேசறதுன்னாலும் வீட்டு நெட்டுலதான் பேசோணும். சண்ட வந்தா அவரு மொதல்ல பாஸ்வேர்ட மாத்தீருவாரு. வேலையும் செய்ய முடியாது, உங்களுக்கும் கூப்பட முடியாது. மன்னிப்புக் கேட்டாத்தான் புதுசு சொல்லுவாரு. என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியாமக் கேப்பேன். கேக்கறதுக்கு முன்னாடியே அழுகணும், அப்பத்தான் சீக்கரம் குடுப்பாரு. பழைய வேலை அப்படியேதான் போச்சு."

வாரக்கணக்கில் அவளிடமிருந்து போன் வராத நாட்கள் எனக்கு நினைவு வந்தன. பெண் அங்கே சந்தோஷமாக இருக்கிறாள், அம்மா நினைப்பே இல்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கட்ட ஏஞ்சாமி சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க பாக்கறவங்ககிட்டயெல்லாம் ஆடிக்கு வந்திருக்கறான்னு சொல்லீட்டு இருந்தீங்க. ஆடி முடிஞ்சா அனுப்பீருவீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். விடுதியில் எந்தப் பெண் முன்னாலும் நான் அழுததில்லை. இவள் முன்னால் அழுதேன், அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வலித்தவள் அவள், தடவுவதும் அவளே. என்ன அம்மா நான்!

முகத்தைத் துடைத்துக்கொண்டு என் போனில் அந்த ஆப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு மாற்றுகிற இடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இந்தா. நீயே வெய்யி. எனக்குச் சொல்லோணும்னு ஒண்ணுமில்ல."

போனை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு அடித்தாள். நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிடம் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"வசந்தா! முருகன் போயிட்டாரு!"

வாணி சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. படியிறங்கிப் போய் அவர் கையிலிருந்த போனை வாங்கிப் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தாள். பிறகு என் போன், பிறகு டிவி. எங்களில் ஒருவரையும் அவள் கேட்க வைக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கட்டைப்பையில் குடத்தையும் தூக்கையும் போட்டுக்கொண்டு அவர் பாத்திரக் கடைக்குக் கிளம்பினார். மற்றதையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். "பேர இழைச்சு வாங்கீட்டு வாங்க. வாணி பேரு மட்டும் இருக்கட்டும்." அவருக்கு இது என்னைவிட முன்னாலேயே புரிந்திருக்கிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்தவராயிற்றே.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையிலிருந்து மழை. வாணி அவள் அறையில், ஜன்னலோர மேஜையில், என் நாற்காலியில். நெட் ஒரு தடவைகூட அறவில்லை. வேலை உறுதி. நான் சொன்னபடியே பதினாலுக்குள் ஓடியது. இதில் எனக்குப் பாதிப் பெருமைதான் சேரும் என்று தெரியும். அந்தப் பாதியை விட்டுத்தர மாட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி இன்றோடு முடிகிறது. ஒரு மாத பிளானும் முடிகிறதாம்; கேபிள் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. "நாளைக்கு ஆவணி ஒண்ணு, நல்ல நாளு. ஆனா ஞாயித்துக்கெழம ஆபீஸ் இருக்காது, இன்னைக்கே போயிட்டு வந்துரு" என்றார் இவர். ஆடியில் புதிதாக ஒன்றும் செய்யக் கூடாது என்றீர்களே என்றேன். "இது புதுசில்ல. ஏற்கெனவே நம்ம வீட்டுல இருக்கறது" என்றார்.

போய்விட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர் நங்கையா. பதினொரு மணிக்குக் கார் வந்து நின்றது. ஹாலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காலியான பரணை அண்ணாந்து பார்த்தார்.

"வாணியக் கெளம்பச் சொல்லு வசந்தா. மத்தியானச் சோத்துக்குப் போயிச் சேந்தர்லாம்."

வாணியின் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் மீட்டிங்கில் இருந்தாள். ஏதோ கணக்கில் எங்கே தவறு என்று யாருக்கோ நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ வரலீங்க நங்கையா."

"ஆடிதான் முடிஞ்சு போச்சல்லொ? இன்னும் என்ன சாக்கு?"

"சாக்கு ஒண்ணுமில்லீங்க. அவ ஆடிக்கு வரல. தீபன்கூட இருக்க முடியாமத்தான் வந்தா. நாந்தான் ஆடி ஆடின்னு சொல்லீட்டு இருந்தேன்."

நங்கையா தம்பியைப் பார்த்தார். இவர் எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அதுக்குன்னு, எத்தன நாளைக்கு வெச்சுக்குவ வசந்தா?"

"நெட்டுக்கு வருசத்துக்குக் கட்டியாச்சுங்க நங்கையா. அது முடிஞ்சா மறுக்காக் கட்டுவோம்."

உள்ளே வாணியின் பேச்சு சட்டென்று நின்றது. நான் தலையைத் தூக்கி அக்கினி மூலையில் இருக்கும் பெட்டியைப் பார்த்தேன். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. நெட் அறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தாள்.